தாமஸ் கிளார்க்ஸன்

சட்டங்கள் எங்கே பிறக்கின்றன என்று எவரேனும் வினவினால், சட்டசபையில் என்று நாம் தயங்காது விடையளிப்போம். அவ்விடை பாதி உண்மையேயாம். மண்டபத்தினுள் அங்கத்தினர் எழுந்து பேசுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே அம்மண்டபத்தின் வாயிலில் பலர் வந்து காத்துநிற்கின்றனர். ஒரே தொழிலும் ஒரே ஆதாயமும் உடையோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, பணம் திரட்டி, மந்திரிகளைக் கண்டு பேசி, பத்திரிகைகளில் எழுதுவித்து, தமக்கு வேண்டிய சட்டம் நிறைவேறவும் வேண்டாத சட்டம் வீழவும் இடைவிடாது உழைக்கின்றனர். சபையின் முன்கூடத்திற்கு ஆங்கிலத்தில் லாபி என்று பெயர். அங்கே நின்று அங்கத்தினரைத் தம் பக்கம் இழுக்கும் இவ்வேலைக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. இவ்வேலை செய்வோரை நாம் நலக்கூட்டத்தார் என்று சொல்லலாம்.

நலக்கூட்டம் இல்லாத அரசாங்கம் உலகில் இல்லை. குறையுடையோர் கூடி முறையிடுவது குற்றமும் அன்று. ஆனால் வாயிலில் நிற்போர் அனைவர்க்கும் ஒரே வலிமை இருப்பதில்லை. சிலர் கையில் பணப்பை உண்டு. சிலர் கையில் காகிதமும் பேனாவும் மட்டுமே உண்டு. இன்னும் சிலரோ அவ்வாயிலை வந்து அடையவே இயலாத தொலைவில் விலங்கு பூண்டு கிடப்பர். இம்மூவகையினரும் ஒரே வழக்கில் சந்தித்த வரலாறு ஒன்று ஆங்கில நாட்டுச் சரித்திரத்தில் உண்டு. அவ்வரலாற்றின் நடுவே நின்றவர் தாமஸ் கிளார்க்ஸன் என்னும் பெரியார். அடிமை வியாபாரத்தை ஒழித்தவர் யார் என்று கேட்டால் பலரும் வில்பர்போர்ஸின் பெயரையே கூறுவர். அப்பெருமகனார் பார்லிமெண்டினுள் நின்று முழங்கியவர். வெளியே நின்று அவருக்கு வேண்டிய சான்றுகளையும் மக்களின் ஆதரவையும் திரட்டித் தந்தவர் கிளார்க்ஸன்.

இளமையும் பரிசுக் கட்டுரையும்

கிளார்க்ஸன் 1760-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் ஜில்லாவைச் சேர்ந்த விஸ்பெச் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஒரு குருவானவர்; அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியரும் அவரே. ஆறாவது வயதில் தந்தையை இழந்த சிறுவர் தாயாரின் ஆதரவில் வளர்ந்து, லண்டன் செயின்ட் பால் பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான் கலாசாலையிலும் பயின்றார். ஆறடி உயரமும் செம்பட்டை முடியும் உடைய அவ்வாலிபர் திருச்சபை ஊழியத்தையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கருதி, 1783-இல் உதவிக் குருப்பட்டமும் பெற்றார்.

1785-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் உபாத்தியட்சகராக இருந்த பீட்டர் பெக்கார்டு என்பவர் இலத்தீன் கட்டுரைப் போட்டிக்கு ஒரு பொருள் கொடுத்தார். மனிதரை அவர்தம் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குதல் முறையாகுமோ என்பதே அப்பொருள். முந்தைய ஆண்டில் ஒரு பரிசு பெற்றிருந்த கிளார்க்ஸன் இதனையும் பெற விரும்பினார். அப்பொழுது அவருக்கு ஆப்பிரிக்காவைப் பற்றியோ அடிமைகளைப் பற்றியோ யாதும் தெரியாது. நூல்களைத் தேடிப் படித்தார். அமெரிக்கக் குவேக்கராகிய அந்தோனி பெனசெட் எழுதிய நூல் அவருக்குப் பல உண்மைகளைக் காட்டிற்று. புகழை நாடித் தொடங்கிய வேலை உறக்கத்தைக் கெடுக்கும் துயரமாக மாறியது. இரவில் எண்ணங்கள் எழுந்தால் உடனே குறித்துக்கொள்ளும்பொருட்டு அறையில் விளக்கை அணையாது வைத்திருந்தார்.

பரிசு கிடைத்தது. கட்டுரையைச் சபைமுன் படித்துவிட்டுக் குதிரைமேல் ஏறி லண்டனுக்குச் செல்லும் வழியில், கட்டுரையில் தாம் எழுதியவை உண்மையாயின் அக்கொடுமைக்கு முடிவு காண ஒருவர் முன்வரவேண்டுமன்றோ என்னும் எண்ணம் அவரைவிட்டு நீங்கவில்லை. வேட்ஸ்மில் என்னும் ஊருக்கு அருகே குதிரையினின்றும் இறங்கிப் பாதையோரத்தில் அமர்ந்து நெடுநேரம் சிந்தித்தார். அவ்விடத்தில் 1879-இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் தம் முடிவை உறுதிசெய்துகொள்ளவில்லை. கட்டுரையை ஆங்கிலமாக்கி 1786-இல் வெளியிட்டபோதுதான், இவ்வேலைக்கே தம் வாழ்நாளை ஒப்படைத்தல் வேண்டும் என்று துணிந்தார். கையில் வந்திருந்த திருச்சபைப் பதவியின் நம்பிக்கையும் அதனோடு அகன்றது.

பன்னிருவர் கூட்டம்

அக்கட்டுரையை அச்சிட்டவர் லண்டனில் ஜார்ஜ் யார்டு என்னும் சந்தில் அச்சுக்கூடம் வைத்திருந்த ஜேம்ஸ் பிலிப்ஸ் என்னும் குவேக்கர். 1787-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் அவ்விடத்திலே பன்னிருவர் கூடி அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்கு ஒரு கமிட்டி அமைத்தனர். அவர்களுள் ஒன்பதின்மர் குவேக்கர். மூவர் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தோர். கிரான்வில் ஷார்ப் தலைமை வகித்தார். குவேக்கர் ஆணையிட்டுச் சத்தியம் செய்யாதவராதலின் அக்காலத்தில் பார்லிமெண்டில் அமர இயலாதவர். ஆகவே சபையினுள் தம் பொருட்டுப் பேச ஒருவர் வேண்டியிருந்தது. கிளார்க்ஸன் யார்க்ஷயர்ப் பிரதிநிதியாகிய வில்லியம் வில்பர்போர்ஸை அடிக்கடி சென்று கண்டு, நூல்களும் சான்றுகளும் அளித்துவந்தார். வில்பர்போர்ஸ் அப்பொறுப்பை ஏற்றார்.

அக்கமிட்டியார் செய்த முதல் முடிவு கவனிக்கத்தக்கது. அடிமைத்தனம் முழுவதையும் ஒரே முறையில் எதிர்ப்பதா, ஆப்பிரிக்காவினின்றும் மனிதரை வாங்கிக் கப்பலேற்றும் வியாபாரத்தை மட்டும் முதலில் எதிர்ப்பதா என்பது கேள்வி. தோட்டங்களில் உள்ள அடிமைகள் சட்டத்தின் கண்ணில் முதலாளிகளின் சொத்து. சொத்தில் கைவைத்தால் செல்வர் அனைவரும் எதிர்ப்பர். வியாபாரத்தைத் தடுக்கவோ பார்லிமெண்டுக்கு ஐயமற்ற அதிகாரம் உண்டு. ஆதலால் வியாபாரத்தை மட்டுமே எதிர்ப்பது என்று தீர்மானித்தனர். கிரான்வில் ஷார்ப் இதற்கு மனமொப்பாதவர். பெரும்பான்மையோர் கருத்துக்கு இணங்கினார். வேரில் வெட்டாது கிளையில் வெட்டிய இம்முடிவின் பயனையும் குறையையும் பின்னர்க் காண்போம்.

எதிர்நின்றோர்

இனி இக்கூட்டம் யாரை எதிர்த்து நின்றது என்பதைச் சிறிது நோக்குவோம். அக்காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 40,000 ஆப்பிரிக்கரைக் கடல் கடத்தின. லிவர்பூலும் பிரிஸ்டலும் லண்டனும் இவ்வியாபாரத்தால் செழித்தன. கப்பல் கட்டுவோர், துப்பாக்கி செய்வோர், துணி நெய்விப்போர், பாங்கு நடத்துவோர், இன்ஷூரன்ஸ் எழுதுவோர் எனப் பலர்க்கும் அதில் பங்கு இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைத் தோட்ட முதலாளிகளும் அவர்தம் வணிகரும் லண்டனில் வலிமை மிக்க சங்கம் ஒன்றை வைத்திருந்தனர். தீவுகள் தத்தம் செலவில் லண்டனில் ஏஜெண்டுகளை அமர்த்தியிருந்தன. ஜமெய்க்காவின் ஏஜெண்டாகிய ஸ்டீபன் புல்லர் என்பவர் முப்பது ஆண்டுகள் அவ்வேலையில் இருந்து, மந்திரிகளின் கதவு எந்நேரத்தில் திறக்கும் என்பதை நன்கு அறிந்தவர். இவற்றிற்கெல்லாம் மேலாக, காமன்ஸ் சபையிலும் பிரபுக்கள் சபையிலும் அமர்ந்திருந்தோருள் பலர் தாமே தோட்டங்களுக்கு உடையவர். வாயிலில் நின்று கேட்கவேண்டிய கூட்டத்தில் ஒரு பகுதி சபையினுள்ளேயே அமர்ந்திருந்தது.

அவர்கள் பேனாவையும் பணம் கொடுத்து வாங்கினர். 1788-இல் லிவர்பூலில் ரேமண்டு ஹாரிஸ் என்னும் குருவானவர், அடிமை வியாபாரம் வேதத்திற்கு ஒத்ததே என்று நிலைநாட்ட ஒரு நூல் எழுதினார். அந்நகரசபை அவருக்கு 100 பவுன் வெகுமதி அளித்தது. வேறொரு ஆசிரியர், அடிமை என்னும் சொல்லே இத்தனை ஆரவாரத்திற்கும் காரணமாதலின், அதனை விடுத்துத் துணைத் தோட்டக்காரர் என்று பெயரிட்டால் போதும் என்று யோசனை கூறினார். பெயரை மாற்றிப் பொருளைக் காக்கும் இத்தந்திரம் இக்காலத்தவர்க்கும் புதிதன்று.

அவர்தம் வாதங்கள் நான்கு. இவ்வியாபாரம் ஆங்கிலக் கடற்படைக்கு மாலுமிகளைப் பயிற்றும் பள்ளி என்பது ஒன்று. நாம் விட்டால் பிரெஞ்சுக்காரர் பற்றிக்கொள்வர் என்பது மற்றொன்று. ஆப்பிரிக்காவினின்று வாங்கத்தக்க பண்டம் வேறு இல்லை என்பது மூன்றாவது. கப்பலில் அடிமைகள் நலமாகவே நடத்தப்படுகின்றனர் என்பது நான்காவது. இவை அனைத்தும் கேட்போர்க்கு நாட்டின் நன்மையாகவே தோன்றும்படி சொல்லப்பட்டன. ஆதாயத்தை நாடுவோர் ஆதாயம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தேசம், தொழில், பாதுகாப்பு என்னும் பெயர்களோடு வருவர். அவர்கள் கூறுவது பொய் என்று கூவுவதால் பயனில்லை. கணக்குக் காட்டிப் பொய்யென நிறுவ வேண்டும். கிளார்க்ஸன் இதனை நன்கு உணர்ந்தார்.

சான்று தேடிய பயணம்

1787-இல் அவர் குதிரையேறிப் பிரிஸ்டலுக்கும் லிவர்பூலுக்கும் சென்றார். பிரிஸ்டலில் செவன் ஸ்டார்ஸ் என்னும் விடுதியின் உடையவர் அவருக்கு வழிகாட்டினார். நள்ளிரவில் துறைமுகச் சாராயக்கடைகளுக்குச் சென்று, வாலிபர்களுக்குக் குடி கொடுத்து மயக்கி அடிமைக் கப்பல்களுக்கு ஆள் பிடிப்பதைக் கண்ணாரக் கண்டார். கப்பல்களின் ஆட்பட்டியல்களை எடுத்து, மாலுமி ஒவ்வொருவர்க்கும் நேர்ந்தது என்ன என்று பெயர் பெயராக ஆராய்ந்தார். அவ்வாறு அவர் ஆராய்ந்த பெயர்கள் ஏறக்குறைய 20,000. கிடைத்த முடிவு எவரும் எதிர்பாராதது. அடிமைக் கப்பலில் சென்ற மாலுமிகளுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் திரும்பவில்லை. மாலுமிகளின் பள்ளி என்று சொல்லப்பட்டது அவர்தம் இடுகாடாக இருந்தது.

ஆப்பிரிக்கர் படும் பாட்டைக் கேட்டு மனமிரங்காத அங்கத்தினர்க்கும் ஆங்கில மாலுமியின் சாவு கவலை அளிக்கும். எதிரியின் மிக வலிய வாதத்தை அவ்வெதிரியின் ஏடுகளைக் கொண்டே கிளார்க்ஸன் தகர்த்தார்.

லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கும் கால்விலங்கும் கட்டைவிரல் நெரிக்கும் திருகும் உண்ண மறுப்போர் வாயைப் பிளக்கும் கருவியும் வெளிப்படையாக விற்கக் கண்டு, அவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டார். அடிமைக் கப்பலில் வைத்தியராகச் சென்று மனம் வெறுத்துத் திரும்பிய அலெக்சாண்டர் பால்கன்பிரிட்ஜ் என்பவர் ஆயுதம் தாங்கி அவருக்குத் துணை வந்தார். ஒரு நாள் துறைமேடையில் கிளார்க்ஸன் தனித்து நின்றபொழுது எட்டொன்பது பேர் சூழ்ந்துகொண்டு அவரைக் கடலில் தள்ள முயன்றனர். உடல்வலியால் அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உயிர் தப்பினார்.

ஆப்பிரிக்காவில் வேறு பண்டம் இல்லை என்பார்க்கு விடையாக அவர் ஒரு மரப்பெட்டி சேகரித்தார். அதனுள் தந்தம், பருத்தி, மிளகு முதலிய வாசனைப் பொருள்கள், உயர்ந்த மரவகைகள், ஆப்பிரிக்கர் கையால் நெய்த துணி, பதப்படுத்திய தோல் ஆகியவை இருந்தன. சென்றவிடமெல்லாம் அப்பெட்டியைத் திறந்து காட்டினார். 1788-இல் விசாரணை நடத்திய பிரிவி கவுன்சிலின் முன்னும் அதனை வைத்தார். அப்பெட்டியை விஸ்பெச் பொருட்காட்சிச்சாலையில் பாதுகாத்துவருகின்றனர்.

கப்பலில் நலமாக நடத்தப்படுகின்றனர் என்பார்க்கு விடை ஒரு படம். புரூக்ஸ் என்னும் லிவர்பூல் கப்பலின் தளங்களில் மனிதர் எவ்வாறு நெருக்கிக் கிடத்தப்படுவர் என்பதை அளவு பிசகாது வரைந்து 1789-இல் கமிட்டியார் வெளியிட்டனர். 1788-இல் டால்பென் என்பவர் கொண்டுவந்த சட்டம் கப்பலின் கொள்ளளவுக்கு ஏற்ப அடிமைகளின் தொகையை வரையறுத்திருந்தது. அதன்படி அக்கப்பல் ஏற்றத்தக்கவர் 454 பேர். சட்டத்துக்கு முன் ஒரு பயணத்தில் அது 609 பேரை ஏற்றியிருந்தது. 454 பேரை வரைந்தாலே காகிதத்தில் இடைவெளி இல்லை. நாடெங்கும் சுவர்களில் அப்படம் ஒட்டப்பட்டது. கல்வியறிவு இல்லாதவரும் அதனைக் கண்டு பொருள் உணர்ந்தனர்.

கையொப்பங்களும் சர்க்கரையும்

வாக்குரிமை மிகச் சிலர்க்கே இருந்த காலம் அது. மான்செஸ்டர் போன்ற பெருநகருக்கும் காமன்ஸ் சபையில் ஒரு பிரதிநிதி இல்லை. ஆயினும் மனு எழுதி அனுப்பும் உரிமை யாவர்க்கும் உண்டு. கிளார்க்ஸன் 1787 அக்டோபரில் மான்செஸ்டரில் பிரசங்கம் செய்தார். அந்நகரினின்று 10,000-க்கு மேற்பட்டோர் கையொப்பத்துடன் ஒரு மனு சென்றது. 1788-இல் நூற்றுக்கு மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் பீங்கான் தொழிலதிபர், விலங்கு பூண்டு மண்டியிட்டிருக்கும் ஆப்பிரிக்கரின் உருவம் பொறித்த பதக்கங்களைச் செய்து வழங்கினார். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோ 1789-இல் தம் சரித்திரத்தைத் தாமே எழுதி வெளியிட்டு, ஊரூராகச் சென்று பேசினார்.

எதிர்க்கூட்டத்தார் நேரே மறுப்பதைவிடக் காலம் கடத்துவதே நன்று எனக் கண்டனர். 1789 மே மாதம் வில்பர்போர்ஸ் காமன்ஸ் சபையில் பேசியபின், பிரிவி கவுன்சில் விசாரணை போதாது, சபை தானே சாட்சிகளை விசாரிக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டு வென்றனர். இரண்டாண்டுகள் அவ்விசாரணையிலே கழிந்தன. அக்காலமெல்லாம் கிளார்க்ஸன் சாட்சி தேடி அலைந்தார். உண்மை அறிந்தோர் பலர் பிழைப்புக்கு அஞ்சிப் பின்வாங்கினர். ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் இரவில் மனிதரைத் திருடிச் செல்வதை நேரில் கண்ட மாலுமி ஒருவர் உளர் என்று கேள்விப்பட்டு, அவர் பெயரும் தெரியாமல், துறைமுகம் துறைமுகமாகப் போர்க்கப்பல்களில் ஏறி விசாரித்தார். நூற்றுக்கணக்கான கப்பல்களுக்குப்பின் பிளிமத் துறையில் ஐசக் பார்க்கர் என்னும் அம்மாலுமியைக் கண்டுபிடித்துச் சாட்சி சொல்லச் செய்தார். இவ்வேழாண்டுகளில் அவர் குதிரைமீது சென்ற தொலைவு 35,000 மைல் என்பர்.

1791 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. ஒழிக்க வேண்டும் என்றோர் 88. வேண்டாம் என்றோர் 163. சபையின் கதவு அடைபட்டதும் மக்கள் தம் வீட்டுக் கதவைத் திறந்தனர். அடிமைகள் விளைத்த சர்க்கரையை உண்பதில்லை என்னும் விரதம் நாடெங்கும் பரவிற்று. அவ்விரதம் பூண்டோர் 3,00,000 பேர் வரை இருப்பர் எனக் கிளார்க்ஸன் கணித்தார். வாக்குரிமை இல்லாத பெண்மணிகளே இதில் முன்னின்றனர். எதனை வாங்குவது என்று தீர்மானிப்போர் அவர்களன்றோ! 1792-இல் 519 மனுக்கள் ஏறக்குறைய 3,90,000 கையொப்பங்களுடன் பார்லிமெண்டை அடைந்தன.

இம்முறை நேராக மறுக்க எவர்க்கும் துணிவில்லை. ஹென்றி டண்டாஸ் என்னும் மந்திரி, படிப்படியாக ஒழிக்கலாம் என்று ஒரு சொல்லை மட்டும் தீர்மானத்தில் நுழைத்தார். 85-க்கு எதிராக 230 வாக்குகளால் தீர்மானம் நிறைவேறிற்று. மனுச்செய்தோர் வென்றது போலத் தோன்றியது. வியாபாரிகளோ வியாபாரத்தைத் தொடர்ந்தனர். பிரபுக்கள் சபை மீண்டும் புதிதாகச் சாட்சி விசாரிக்கவேண்டும் என்று சொல்லிக் காலம் கடத்தியது.

தோல்வியும் வெற்றியும்

1793-இல் பிரான்சோடு யுத்தம் மூண்டது. பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றிருந்த கிளார்க்ஸனைத் தேசத்துரோகி எனப் பழிப்பது எளிதாயிற்று. பொதுக்கூட்டம், மனு என்பனவே சந்தேகத்துக்கு உரியவை ஆயின. கைப்பொருள் கரைந்து, உடல் தளர்ந்து, பேசத் தொடங்கினால் நடுக்கம் உண்டாகும் நிலையில், 1794-இல் அவர் விலகினார். 1796-இல் கேதரின் பக் என்னும் அம்மையாரை மணந்து, ஏரிகள் நிறைந்த வடநாட்டில் நிலம் உழுது வாழ்ந்தார். கவி வோர்ட்ஸ்வொர்த்தின் குடும்பம் அங்கே அவருக்கு நட்பாயிற்று.

அவ்வாண்டு மார்ச் மாதம் வில்பர்போர்ஸின் மசோதா 70-க்கு 74 என நான்கே வாக்குகளில் தோற்றது. அவ்விரவு லண்டனில் ஒரு புதிய இசை நாடகம் நடந்தது. மசோதாவை ஆதரிப்போர் சிலர் அங்கே சென்றிருந்தனர். எதிர்க்கூட்டத்தாரே அவர்களுக்கு நுழைவுச்சீட்டு அளித்தனர் என்று சொல்லப்படுவதுண்டு. பல்லாயிரம் உயிர்களின் விதி சில நாடகச்சீட்டுகளோடு சேர்த்துப் பேசப்படுவது எவ்வளவு கொடியது!

1804-இல் கிளார்க்ஸன் மீண்டும் குதிரையேறினார். ஒழிப்புக் கூட்டத்தாரும் இதற்குள் வாயிலின் தந்திரங்களைக் கற்றிருந்தனர். ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் வழக்கறிஞரின் யோசனைப்படி 1806-இல் ஒரு மசோதா வந்தது. பகைவர் தீவுகளுக்குப் பிரிட்டிஷார் அடிமைகளைக் கொண்டு விற்றல் கூடாது என்பதே அதன் பொருள். யுத்த காலத்தில் பகைவர்க்கு உதவலாமோ என்னும் தேசபக்தி உடையில் அது வந்தமையால், எதிர்க்கூட்டத்தார் உணர்ந்து விழிப்பதற்குள் சட்டமாயிற்று. வியாபாரத்தின் பெரும்பகுதி அதனாலேயே வீழ்ந்தது. மறுவருடம் 1807 பிப்ரவரி 23-இல் வியாபாரம் முழுவதையும் ஒழிக்கும் மசோதா 16-க்கு எதிராக 283 வாக்குகளால் காமன்ஸ் சபையில் வென்றது. மார்ச் 25-இல் அரசர் அங்கீகாரம் பெற்றது. ஜார்ஜ் யார்டுச் சந்தில் கமிட்டி கூடி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

விலை பெற்றோர் யார்?

வியாபாரம் ஒழிந்தும் அடிமைத்தனம் ஒழியவில்லை. கிளையை வெட்டினால் மரம் தானே பட்டுப்போகும் என்று 1787-இல் எண்ணியது பொய்த்தது. தோட்டங்களில் சாட்டை ஓயவில்லை. 1823-இல் புதிய சங்கம் ஒன்று தோன்றியபொழுது, அறுபது வயதைக் கடந்த கிளார்க்ஸன் மீண்டும் 10,000 மைல் பயணம் செய்து ஊர்தோறும் கிளைகள் அமைத்தார். எலிசபெத் ஹேரிக் என்னும் அம்மையார் 1824-இல், படிப்படியாக என்பது ஏமாற்று, உடனே விடுதலை வேண்டும் என்று எழுதினார். 1831 இறுதியில் ஜமெய்க்காவில் பாப்திஸ்து சபை உதவிக்காரராகிய சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமையின் தலைமையில் ஆயிரமாயிரம் பேர் வேலை மறுத்து எழுந்தனர். அவரும் பலரும் தூக்கிலிடப்பட்டனர். வாயிலை அடைய இயலாதோர் தம் குரலை உயிர்கொடுத்து அங்கே கேட்கச் செய்தனர். 1832-இன் தேர்தல் சீர்திருத்தம் தோட்டமுதலாளிகள் விலைக்கு வாங்கிவந்த பல தொகுதிகளை ஒழித்தது. 1833 ஆகஸ்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, மறுவருடம் ஆகஸ்டு 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய 8,00,000 பேர்க்கு உரிய சட்டம் அது.

ஆனால் அச்சட்டத்தின் உள்ளே நோக்கினால் எதிர்க்கூட்டத்தாரின் கைவண்ணம் விளங்கும். தடுக்க முடியாதென அறிந்ததும் அவர்கள் விலை பேசத் தொடங்கினர். சொத்தை இழப்போர்க்கு நஷ்டஈடாக அரசாங்கம் 2 கோடி பவுன் கொடுக்க இசைந்தது; அஃது அக்காலத்து அரசாங்கச் செலவில் ஓராண்டுக்கு உரியதில் ஐந்தில் இரண்டு பங்கு. அப்பணத்திற்கென வாங்கிய கடன், பின்னாளில் வேறு கடன்களோடு கலந்து, 2015-ஆம் ஆண்டில்தான் முற்றும் தீர்ந்தது. அடிமைகளாயிருந்தோர்க்கு ஒரு காசும் இல்லை. மாறாக, ஆறு வயதுக்கு மேற்பட்டோர் தொழில் பழகுவோர் என்னும் பெயரில் மேலும் சில ஆண்டுகள் கூலியின்றி உழைக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. துணைத் தோட்டக்காரர் என்று பெயரிடச் சொன்ன அப்பழைய யோசனையை இது நினைவூட்டுகின்றதன்றோ? ஜோசப் ஸ்டர்ஜ் முதலியோரின் கிளர்ச்சியால் 1838-இல் அம்முறையும் ஒழிந்தது.

அதன்பின் நடந்தது நம் நாட்டையும் தொட்டது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீஷியஸ் தோட்டமுதலாளிகள் 1834 முதல் கல்கத்தாவினின்றும் சென்னையினின்றும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றனர். தமிழ் மக்கள் பலர் அவ்வாறு சென்றோர். நஷ்டஈடாக 1,00,000 பவுனுக்கு மேல் பெற்ற ஜான் கிளாட்ஸ்டன் என்னும் லிவர்பூல் வணிகர் 1838-இல் கயானாவுக்கு இந்தியக் கூலிகளை வரவழைத்தார். ஒழிப்புச் சங்கத்தார் ஆராய்ந்து, அங்கே சாட்டையடி நடப்பதை வெளிப்படுத்தினர். இந்திய அரசாங்கம் 1839-இல் கூலி ஏற்றுமதியை நிறுத்தியது. தோட்டமுதலாளிகள் மீண்டும் வாயிலில் நின்றனர். 1842-இல் மொரீஷியஸுக்கு வழி திறந்தது. ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் சேர்ப்பது 1917-இல்தான் நிறுத்தப்பட்டது.

இறுதிக்காலம்

1838-இல் வில்பர்போர்ஸின் புதல்வர் தம் தந்தையின் சரித்திரத்தை வெளியிட்டு, அதில் கிளார்க்ஸனின் தொண்டைச் சிறுமைப்படுத்தினர். முதுமையில் அது அவர் மனத்தைப் பெரிதும் வருத்திற்று. அவர் ஆதாரங்களோடு மறுமொழி எழுதினார்; ஆறு ஆண்டுகளுக்குப் பின் அப்புதல்வர் வருத்தம் தெரிவித்தனர். 1840 ஜூனில் லண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டில் எண்பது வயதுக் கிளார்க்ஸன் தலைமைப் பீடத்துக்கு அழைத்துவரப்பட்டார். ஜார்ஜ் யார்டில் கூடிய பன்னிருவருள் அன்று உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே. 1846 செப்டம்பர் 26-ஆம் நாள் ஸபக் ஜில்லாவில் பிளேபோர்டு என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அவர் பெயர் பொறித்த கல் 1996-இல் வைக்கப்பட்டது.

மாணவ நண்பர்களே! ஆதாயம் நாடும் கூட்டத்தார் சிலராயினும் செல்வர். சபைக்கு அருகே வாழ்வோர். தோற்றாலும் நாளை மீண்டும் வருவர். பொதுநலம் நாடுவோர் பலராயினும் சிதறியிருப்பர். ஒரு கூட்டத்துக்கு வந்து கைதட்டிவிட்டு வீடு திரும்புவர். இவ்வேற்றுமையே பல நாடுகளில் பல சட்டங்களின் போக்கைத் தீர்மானிக்கின்றது. கிளார்க்ஸன் அவ்வேற்றுமையை உழைப்பால் ஈடுசெய்தார். எதிரி கூறும் ஒவ்வொரு வாதத்திற்கும் ஓர் ஏடு, ஒரு சாட்சி, ஒரு கணக்குத் தேடினார். தோற்றபின்னும் திரும்பி வந்தார். அவர் வென்றபொழுதும், பேரம் பேச வாயிலில் ஆள் இருந்தோர்க்கு விலை கிடைத்தது. ஆள் இல்லாதோர்க்கு அது கிடைக்கவில்லை.

ஆகவே எந்த மசோதா வந்தாலும் அதனை ஆதரித்தும் எதிர்த்தும் பேசுவோர் யார், அவர்க்குச் செலவு செய்வோர் யார், அச்சட்டத்தால் பாதிக்கப்பட்டும் வாயிலுக்கு வர இயலாதோர் யார் என்று ஆராய்ந்து அறிதல் கற்றோர் கடமையாகும். கல்லூரிப் பரிசுக்கு எழுதிய ஒரு கட்டுரையினின்றும் இத்தனையும் தொடங்கியது என்பதை, இவ்வாண்டும் பரிசுக் கட்டுரை எழுதவிருக்கும் நாம் மறவாதிருப்போமாக.